நாலு வண்ணப் படை

“அந்த அலமாரியைத் திறங்க.”

பயான் அண்ணிக்கு வாயில் போட்ட பலகாரம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. “எதை வேணாலும் கேளு, பூட்டி வச்சதைத் திறன்னு மட்டும் கேட்டுடாத” என்று கரகந்தாவில் பஸ் ஏறியதிலிருந்து நாத்தனார் அக்மராலுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அக்மரால் கேட்டுவிட்டாள். அவள் அக்காவைக் கொடுத்த வீட்டிலும் இப்படி ஓர் அலமாரி பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வோட்கா பாட்டில் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா குலியாஷ், சிரித்த முகம் மாறாமல் கிண்ணத்தை நீட்டினாள். “முதல்ல டீயைக் குடிம்மா.”

அக்மரால் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகுதான் குடித்தாள்.

“விஷமெல்லாம் வைக்கல” என்றாள் குலியாஷ். “சுரங்கக்காரர் பொண்ணு காலேஜுக்குப் போயி, அஸ்தானாவுல தனியா ரூம் எடுத்துத் தங்கினா இப்படித்தான் ஆகும்போல.”

“எங்க வீட்ல காலேஜ் போன முதல் ஆள் நான்தான், அத்தை. போனா எப்படி ஆகணும்னு சொல்லிக்குடுக்க யாரும் இல்ல. சாவி எங்க?”

மாப்பிள்ளை எல்நார் காதுவரை சிவந்துபோய், பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தான்.

பாட்டில் ஒன்றுகூட இல்லை. கட்டைவிரல் உயரத்தில் வில்லாளிகள், குதிரை வீரர்கள், பூதங்கள். தட்டுத் தட்டாக ஒரு படையே வண்ணம் பூசி அணிவகுத்து நின்றது.

“பூட்டியே வைடான்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!” என்று குலியாஷ் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “முப்பது வயசு எஞ்சினீயர், பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறான். போன மாசம் பிரஷ் கழுவின தண்ணியை டீன்னு நெனச்சுக் குடிச்சே வச்சான்!”

அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்மரால் சிரிக்கவில்லை.

“எத்தனை கலர்?”

“நாலுதாங்க. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள். அஞ்சாவது வாங்கறதில்லன்னு எனக்கு நானே போட்டுக்கிட்ட விதி.”

“பொய்.” அவள் ஒரு குதிரை வீரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இவன் அங்கி நீலம். நீங்க சொன்ன நாலுல நீலம் எங்க இருக்கு? பொய் சொல்ற மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு ஏற்கெனவே ஒருத்தர் வந்தாச்சு.”

குலியாஷின் சிரிப்பு போயிற்று. நிச்சயத்துக்கு எடுத்து வைத்திருந்த தோட்டுப் பெட்டியைச் சத்தமில்லாமல் தன் பைக்குள் தள்ளினாள். விருந்தாளி இருக்க வேண்டுமென்றால் அரைக் கிண்ணம் ஊற்றுவதுதான் அங்கே வழக்கம்; அக்மராலின் கிண்ணத்தில் விளிம்புவரை தேநீரை ஊற்றினாள். கிளம்பு என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். நிறைந்த கிண்ணம் சொன்னால் போதாதா?

எல்நார் மட்டும் கோபப்படவில்லை. “அந்தச் சேணத்தை விரலால மறைச்சுட்டுப் பாருங்க.”

மறைத்தாள். ஆரஞ்சுச் சேணம் மறைந்ததும் அங்கி வெறும் சாம்பல் நிறமானது. விரலை எடுத்தாள், நீலம். மறுபடி மறைத்தாள், சாம்பல்.

“வெறும் கறுப்பும் வெள்ளையும்தான். பக்கத்துல ஆரஞ்சு நின்னா, கண்ணு தானா அதை நீலம்னு நெனச்சுக்குது.”

அக்மரால் வீரனை எடுத்த இடத்திலேயே வைத்தாள். “வரேன்” என்று ஒற்றைச் சொல்லோடு வாசலுக்குப் போய்க் காலணியை மாட்டத் தொடங்கினாள்.

“போச்சு! இனிமே இந்தப் பொம்மைகளோடயே குடும்பம் நடத்து!” என்று உள்ளே குலியாஷ் மகன்மேல் பாய்ந்தாள்.

அண்ணி ஒற்றைக் காலில் பூட்ஸோடு நொண்டிக்கொண்டு ஓடி வந்தாள். “ஏய், ஒண்ணும் சொல்லாமப் போனா எப்படி? குடிகாரனா அவன்? பொம்மைதானேடி! விட்டுக்குடுத்துப் போகக் கூடாதா?”

கதவைத் திறந்து வெளியே காலை வைத்துவிட்டாள் அக்மரால்.

“சீருக்கு இதைவிடப் பெரிய அலமாரியா வாங்குங்க அண்ணி. நான் பெயின்ட் அடிச்ச படையில முந்நூறு பேர்.”