நான் சொன்னா மாறுற படம்

இந்தப் புது டிவியில நான் என்ன சொன்னாலும் படம் மாறிடுது. ஹீரோவோட அம்மாவை எதுக்குச் சாகடிச்சான், எனக்குப் பிடிக்கலன்னேன். அவ உடனே எழுந்து உக்காந்து காபி கேட்டா. வில்லன் முழிக்கிற முழி சரியில்லன்னேன். அடுத்த சீன்லயே திருந்தி, கோயில்ல விபூதி பூசிக்கிட்டு நிக்கிறான்.

எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தவரைக்கும் நான் வாயத் தொறந்தா போதும், "உனக்கென்னடி தெரியும் சினிமாவப் பத்தி?"ன்னு குதிப்பார். படம் முடிஞ்சாலும் சண்டை முடியாது.

நேத்து டிவிகிட்டயே கேட்டுட்டேன். "ஏம்ப்பா, அவர் மாதிரி என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசேன்."

"சரிங்கம்மா"ன்னுச்சு.

முப்பத்தெட்டு வருஷத்துல அவர் ஒரு தடவைகூட சொல்லாத வார்த்தை அது.