வாய்க் கொழுப்பு

மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில் ஜமீலுன்னிசா நாற்பதாவது சுற்று நடக்கிறாள். காலை வெயிலில் ஒரு பக்கம் போகும்போது தன் பெருத்த நிழலைத் தானே மிதிக்கிறாள். திரும்பினால் அந்த நிழல் அவளைத் துரத்துகிறது. சுற்றுக்கு ஒன்றாக, மடியில் கட்டிய புளியங்கொட்டை மூலையிலிருக்கும் பித்தளைச் சொம்புக்குள் ணங்கென்று விழுகிறது. மூட்டு வலிக்கு எடையைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லி இருபது நாளாகிறது. பாவாடை நாடாவின் முடிச்சோ இன்னும் பழைய இடத்திலேயே விழுகிறது. லஸ் பக்கம் டிராம் மணி அடித்து ஓய்கிறது. வடகம் காயவைக்க மாடியேறி வந்த நாத்தனார் அமீனா பீ முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள்.

"இன்னா அண்ணி, செக்கு மாடு கணக்கா சுத்திக்கினு கீறே. இத்தினி நாள்ல இன்னா கொறைஞ்சிச்சு?"

"ஒண்ணும் கொறையல. அதான் இன்னிலேர்ந்து இன்னும் பத்து சுத்து."

"வாய்க் கொழுப்பப் பாரு."

ஜமீலுன்னிசா நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளைத் தாண்டிப் போகிறாள். சொம்பில் இன்னொரு கொட்டை விழுகிறது.

"ஒடம்புக் கொழுப்பு கரைஞ்சா போதும் அமீனா. வாய்க் கொழுப்பு எனக்கு வேணும்."