வாயாடாத கம்பு

பதினோரு சனிக்கிழமைகளாக, வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், வெர்னனின் மனைவி நடீன் பக்கத்து வீட்டு ஹார்லனின் காரில் உட்கார்ந்திருக்கிறாள். ஹார்லன் மனைவியை இழந்தவன். அவன் பானெட்டுக்குள் குனிந்து, விளக்கடித்து, இன்ஜினில் தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று இக்னிஷன் டைமிங் பார்ப்பான். அவள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பாள். அவர்கள் சிரிப்பது டோலிடோ நகரம் முழுக்கக் கேட்பதாக வெர்னனுக்குத் தோன்றும்.

வெர்னனிடமும் ஹார்லனுடையதைப் போலவே 1969ஆம் வருடத்துக் கார் உண்டு. முன்பெல்லாம் அதிலும் நடீன்தான் மிதிப்பாள். இப்போது சீட்டுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவே ஒரு கம்பை முட்டுக்கொடுத்துவிடுகிறான். "கம்பு வாயாடாது" என்பான்.

இன்று பொறுக்க முடியாமல் வேலியைத் தாண்டிப் போனான்.

"டைமிங் ஒரு தடவ வெச்சா மாசக்கணக்குல நிக்கும். உனக்கு மட்டும் எப்படிடா வாராவாரம் மாறுது? நீயே டிஸ்ட்ரிபியூட்டரத் திருப்பி டைமிங்கக் கெடுத்துட்டு என் பொண்டாட்டியக் கூப்பிடுறியா?"

ஹார்லன் விளக்கை அணைத்தான். "சத்தியமா இல்லப்பா. எனக்கே சந்தேகம். போன வாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மேல சாக்பீஸால கோடு போட்டு வெச்சேன். பாரு, நகர்ந்திருக்கு. யாரோ அதப் பிடிச்சிருக்கிற போல்ட்டத் தளர்த்துறாங்க."

"அந்த போல்ட்டத் திருப்புற என் வளைஞ்ச ஸ்பேனரும் மூணு மாசமாக் காணோம். நீதான எடுத்த?"

"என்னோடது இதோ கையில இருக்கே."

நடீன் காரிலிருந்து இறங்கினாள். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, வளைந்த ஸ்பேனரை எடுத்து வெர்னனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உனக்குத்தான் கம்பு இருக்கே, வெர்ன். போல்ட்டத் தளர்த்துறது நான்தான்."