கொக்கு நின்ற எருமை

கண்மாய் பறவைகள் சரணாலயமாகிவிட்டது என்று பலகை நட்ட அன்று, சோணைமுத்துவின் எருமை உள்ளேதான் கிடந்தது. தண்ணீருக்கு மேலே தெரிந்த அதன் முதுகில் ஒரு கொக்கு நின்றது. இறங்கப்போனவனை வனவர் துரைசிங்கம் கரையிலேயே மறித்தார்.

“இனிமே யாரும் உள்ள எறங்கக் கூடாதுய்யா. பறவையைக் கலைச்சா கேசு.”

“பால் பீச்சுற நேரம் சார். இங்கன நின்னே கூப்புட்டுக்கிறேன்.”

“கூப்புட்டா மாடு அசையும். கொக்கு பறந்துரும்.”

சோணைமுத்து வீட்டுக்குப் போய்க் கன்றை ஓட்டிவந்தான். பசியில் அது போட்ட கத்தலில் நாலைந்து நாரைகள் எழும்பின.

“அது வாயைப் பொத்துய்யா!”

“பாலுக்குக் கத்துது சார். நான் என்ன செய்ய?”

உள்ளே போக அனுமதி உள்ளவர் வனவர் ஒருவர்தான். அவர் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கொக்கு கலையாதபடி மெல்ல மெல்ல நடந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூக்கணாங்கயிற்றைத் தொட்டார். எருமை அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கரையில் நின்ற கன்றை நோக்கிப் பாய்ந்தது. கொக்கு ஒரு தரம் சிறகை விரித்து, அவருடைய தொப்பியில் இறங்கியது.

“யோவ், இதை வெரட்டுய்யா,” என்றார் வனவர், உதடு அசையாமல்.

சோணைமுத்து எருமையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“நான் உள்ள வரக் கூடாதுல்ல சார். நீங்களும் அசையாதீங்க, கேசாயிரும்.”

கொக்கு ஒரு காலை மடக்கிக்கொண்டது.