ஒரு சுளகு தவிடு

"பெத்த பிள்ளையத் தவிட்டுக்கு விக்கப் போறாளாம். வாங்கட்டி, வேடிக்கை பாப்போம்."

எதிர்வீட்டு இருளாயி குரல் கொடுத்ததும் தெருப் பெண்கள் சண்முகத்தாய் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். ராஜபாளையத்துக்கு ரயில் வராத காலம்.

தவிட்டுக்கு விற்பது புதிதல்ல. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை அடுத்த வீட்டுக்காரி ஒரு சுளகு, அதாவது ஒரு முறம், தவிடு கொடுத்து வாங்குவாள். எமன் தேடி வந்தால் வீடு மாறியிருக்கும். பேருக்குத்தான் விற்பனை, பொழுது சாயுமுன் பிள்ளை பெற்றவளிடமே திரும்பிவிடும்.

ஆனால் சண்முகத்தாயின் மகள் வெள்ளத்தாய்க்கு மூன்று வயது. தலைவலி என்று படுத்ததில்லை. நோய் சண்முகத்தாய்க்கு. சோறு இறங்கவில்லை, வெளிக்குப் போனால் ரத்தம். புருஷன் மாரிச்சாமி வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "குடல்ல புத்துநோய். ஈரல் வரைக்கும் பரவிருச்சு. இனிமே கத்தி வச்சுப் பிரயோசனமில்ல."

மறுநாளே வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கப் போனாள் சண்முகத்தாய். இப்போது இது.

"சீக்கு இவளுக்கு, விக்கிறது பிள்ளைய," என்றாள் இருளாயி. "தன் உசுரு பொழைக்கணும்னு சீக்கைப் பிள்ளை தலையில ஏத்தி அனுப்புதா. இவளும் ஒரு தாயா?"

அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் சுளகில் தவிட்டோடு வந்தாள். நெல் குத்திப் பிழைப்பவள். பிள்ளை இல்லை.

"ஏட்டி பிச்சை, யோசிச்சியா? அவ சீக்கு உன் வீட்டுக்கு வந்துரப் போகுது," என்றாள் இருளாயி.

"வந்தா வரட்டும் மதினி. வீட்டுல எடம் சும்மாதான கெடக்கு."

சண்முகத்தாய் சுளகை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள்.

"யாரு பிள்ளை?"

"எம்பிள்ளை," என்றாள் பிச்சையம்மாள், வாய்க்குள்ளேயே.

"சத்தமாச் சொல்லு. தெருக்கோடிக்குக் கேக்கணும்."

"எம்பிள்ளை."

"அம்புட்டுத்தான்," என்று சண்முகத்தாய் உள்ளே போய்விட்டாள்.

பொழுது சாயும்போது பிச்சையம்மாள் வழக்கப்படி பிள்ளையைக் கொண்டுவந்தாள். சண்முகத்தாய் வாசலை விட்டு நகரவில்லை.

"வித்ததைத் திருப்பி வாங்க மாட்டேன். உன் வீட்டுல படுக்கட்டும்."

"ஆத்தா," என்று கையை நீட்டியது பிள்ளை.

"நான் பெரியாத்தா. உன்னைத் தூக்கி வச்சிருக்கா பாரு, அவதான் ஆத்தா."

தெருவே காறித் துப்பியது. கல்லுகூட இதைவிட இளகும் என்றாள் இருளாயி. சண்முகத்தாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடக்க முடிந்தவரை வேலைக்குப் போனாள். முடியாமல் போனதும் வாசலில் உட்கார்ந்து, பிச்சையம்மாளுக்குப் பாடம் நடத்தினாள்.

"கூழுல மோரை அம்புட்டு ஊத்தாத, இருமுவா. தலை வாரும்போது இடது பக்கம் மெதுவா இழு. விழுந்து அழுதா உடனே தூக்காத, செத்த நேரத்துல அவளே எந்திரிச்சிருவா."

பிள்ளையை மட்டும் தொடவில்லை. அது மெல்ல மெல்லப் பிச்சையம்மாளை ஆத்தா என்று கூப்பிடப் பழகியது. முதல் தடவை அப்படிக் கூப்பிட்ட அன்று சண்முகத்தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

மாரிச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, பொழைக்கணும்னு ஆசைதான். இல்லைங்கல. அதுக்காக ஒரு தடவகூடப் பிள்ளையத் தூக்க மாட்டியா?"

"பொழைக்கவா? டாக்டர் சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு."

"பொறவு எதுக்கு இம்புட்டும்?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"எங்காத்தா சாகும்போது எனக்கு ரெண்டு வயசு. ஒரு கல்யாண வீட்டுலயும் விளக்குப் பக்கம் போக விட்டதில்ல. ஆத்தாளத் தின்னவ வாரா, ஆத்தாளத் தின்னவ போறான்னுதான் ஊரே கூப்பிட்டுச்சு. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான்."

மாரிச்சாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் போன பொறவு எம்மகளைப் பாத்து எவளாவது அந்த வார்த்தையச் சொல்ல வாயத் தெறந்தா, 'அவ ஆத்தா அடுத்த வீட்டுல உசுரோட நெல்லுக் குத்திக்கிட்டு இருக்கா'ன்னு அந்த இருளாயியே சாட்சி சொல்லியாகணும்."