டிவிக்குள் போன கேள்வி

காலை பதினொன்றரை. கோவளம் பக்கத்துக் குப்பத்தின் பள்ளிக்கூடத்தில், உதவித்தொகையில் படிக்கும் பதினோரு பிள்ளைகள் டிவி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். சாட்டிலைட் வழியே கணக்கு நடத்தும் சார் ஒரு வரியைத் தாவிப் போய்விட்டார். அவர்களில் வெண்ணிலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாட்ச்மேனின் செல்போனை வாங்கி, சந்தேகம் கேட்கத் திரையில் ஓடும் நம்பரை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். "பிஸியாவே கீதுண்ணா." "வுடும்மா, நம்மள அவருக்கு இன்னா தெரியும்?" என்கிறார் வாட்ச்மேன். ஜன்னல் கதவு உப்புக்காற்றில் அடித்துக்கொள்கிறது. பாடம் முடிய மூன்றே நிமிடம். வியர்த்த கட்டைவிரல் மறுபடி அழுத்த, மணி போகிறது. "சொல்லும்மா," என்கிறார் டிவியில் சார். அவள் எழுந்து நிற்கிறாள். "சார், மூணாவது வரி எப்டி வந்துச்சுன்னு புரியல சார்." அவள் குரல் ஒரு நொடி கழித்து டிவியிலும் கேட்கிறது. சார் பலகையைத் திரும்பிப் பார்க்கிறார். "முதல்லேருந்து போடுவோம்மா," என்று டஸ்டரை எடுத்து, எத்தனையோ ஊர்களின் திரைகளில், முழுக் கணக்கையும் அழிக்கிறார்.