உதடு அசையாத படிப்பு

எங்கள் மீன் ஆலையில் இனி கணினித் திரையைப் படித்துத்தான் வேலை. அதற்கான பயிற்சியில் திரையும் எங்களைப் பார்க்கிறது. உதடசைத்துப் படிப்பவர் படிக்கத் தெரியாதவர் என்று வெளியே அனுப்பிவிடும்.

நான் நரை விழுந்தபின் எழுத்துக் கற்றவன். வாய் ஓடாமல் எனக்குக் கண் ஓடாது.

என் திரையில் மஞ்சள் எரிந்தது. இன்னொரு தரம் அசைந்தால் சிவப்பு, வேலை போய்விடும். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். ஓரெழுத்தும் உள்ளே இறங்கவில்லை.

பக்கத்து இருக்கை இசக்கியம்மாள் பன்னிரண்டாவது படித்தவள். “அண்ணாச்சி, ரத்தம் வருது. வாயத் தொறந்து படிங்க.”

“வேல போயிரும் தாயி.”

“ஒருத்தரத்தான அனுப்பும்? எல்லாரையும் அனுப்பிட்டா மீன யாரு வெட்டுவா?”

அவள் தன் திரையைப் பார்த்து, “ஐஸ்... பெட்டியை... மூடவும்” என்று எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். பின் இருக்கை வியாகுலம் தன் திரையை ராகம் போட்டுப் படித்தான். அறையே வாயசைத்தது. நானும் படித்தேன்.

எல்லாத் திரைகளும் சிவந்தன. சுவரில் பெரிய எழுத்து வந்தது. அதையும் உதடசைத்தே படித்தேன்:

“இந்த அறையில் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. அனைவரும் வேலைக்குத் திரும்பவும். பயிற்சி நாளை மீண்டும் தொடங்கும்.”